கொழுந்து மடுவமும் ஒரு கலாசாலையே!

நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் வீதியில், ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலே அமைந்திருக்கிறது கந்தப்பளை. ஒரு புறம் தேயிலை மலைகள். மறு புறம் கரட்டும் லீக்ஸும் கோவாவும் விளையும் மரக்கறித் தோட்டங்கள். இவ்வூரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே முற்பகல் நிறுவை நேரத்தில் ஒரு காட்சியைக் காணலாம். இடுப்பிலே படங்குச் சாக்கைக் கட்டிய பெண்கள், கொழுந்துச் சுமையுடன் மடுவத்தை நோக்கி வரிசையாக இறங்கி வருவார்கள். ஒவ்வொரு சுமையும் தராசில் ஏறும். கணக்கப்பிள்ளை நிறையைக் குறித்துக்கொள்வார். சுமையை இறக்கிய பெண்ணின் கண்கள் மட்டும் தராசை விட்டு அகலமாட்டா.

அந்தப் பார்வையிலே ஒரு குடும்பத்தின் அன்றைய சம்பளம் அடங்கியிருக்கிறது. அது மாத்திரமன்று, உலகெங்கும் பல்கலைக்கழகங்களிலே இன்று பெருமதிப்புடன் போதிக்கப்படும் ஒரு கல்வியின் முதற்பாடமும் அங்கேதான் தொடங்குகிறது. அக்கல்விக்கு வழங்கற் சங்கிலி முகாமைத்துவம் என்று பெயர்.

பெயரைக் கேட்டு வாசகர்கள் மலைக்க வேண்டியதில்லை. ஒரு பொருள் விளையும் இடத்திலிருந்து அதனை நுகர்வோர் கையை அடையும் வரை எத்தனை கைகள் மாறுகின்றன, எங்கெங்கே தங்குகின்றது, எங்கே கெடுகின்றது, எவருக்கு எவ்வளவு கிடைக்கின்றது என்பவற்றை ஆராய்ந்து, அப்பிரயாணத்தைச் செம்மைப்படுத்தும் கலையே அது. கீத் ஒலிவர் என்னும் பிரித்தானிய ஆலோசகர் 1982 இல் பத்திரிகைப் பேட்டியொன்றிலே இப்பெயரைக் கையாண்ட பின்னரே அது பரவலாயிற்று என்பர். பெயர் புதிது, விஷயமோ மிகப் பழையது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்ட நாள் தொட்டு, மலையகத்து மக்கள் இச்சங்கிலியின் முதற் கண்ணியாகவே இருந்து வருகின்றனர்.

எங்கே கற்கிறார்கள்?

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே போக்குவரத்தையும் சரக்கு நகர்த்தலையும் பற்றிய பட்டப்படிப்பு நடைபெறுகின்றது. பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திலே தேயிலைத் தொழில்நுட்பம் ஒரு பட்டப் பாடமாகவே விளங்குகின்றது. பட்டம் பெற்ற பின்னர் வழங்கற் சங்கிலியையே சிறப்பாகப் பயில விரும்புவோர்க்குத் தலைநகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வகுப்புகள் உண்டு. இத்தகைய கல்விக்குச் செய்முறைப் பயிற்சி இன்றியமையாதது என்பதை இப்போது எவரும் மறுப்பதில்லை.

ஆயினும் அப்பயிற்சி என்றவுடன் மாணவர் மனத்தில் எழும் இடங்கள் எவை? கொழும்புத் துறைமுகம், கொள்கலன் முற்றம், ஆடைத் தொழிற்சாலையின் களஞ்சியம், கப்பற் கம்பனியின் அலுவலகம் என்பனவே. இவற்றில் கற்பதற்கு ஏராளம் உண்டு, குறை கூறுவதற்கில்லை. எனினும், ஆற்றின் கழிமுகத்தை மட்டும் பார்த்தவர் ஆற்றை அறிந்தவர் ஆகார். ஊற்றுக் கண் எங்கேயோ மலையில் இருக்கின்றது. அங்கு சென்று சில வாரமேனும் தங்கி, கை நனைத்துக் கற்கும் வாய்ப்பு மாணவர்க்கு வேண்டும் என்பதே எமது அபிப்பிராயம்.

சின்னத்துரை படித்த பாடம்

தோட்டத்திலே தங்கிக் கற்பது புதிய யோசனையன்று. வெள்ளையர் காலத்திலே தோட்டத் தொழிலைப் பழக வந்த இளைஞர்கள் 'கிரீப்பர்' என்று அழைக்கப்பட்டனர்.  பெரிய துரையின் பங்களாவிலே தங்கி, பல சந்தர்ப்பங்களில் அதற்காகத் தாமே பணமும் செலுத்தி, அவர்கள் தொழில் பயின்றனர். விடியற்காலைப் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். கவ்வாத்து மலையைச் சுற்ற வேண்டும். கொழுந்து நிறுவையைப் பார்க்க வேண்டும். ஆலையிலே இரவு விழிக்க வேண்டும். செக்றோலை எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். இவையெல்லாம் தேறிய பின்னரே சின்னத்துரைப் பதவி கிட்டும்.

எல்லாவற்றிற்கும் முன்னதாக அவர்கள் தமிழ் கற்க வேண்டியிருந்தது. அதற்கென்றே 'இங்கே வா' என்ற பெயரில் ஒரு கைந்நூலும் அக்காலத்தில் அச்சாயிற்று. தலைப்பிலேயே அதிகாரத்தின் குரல் ஒலிக்கின்றது! அந்தக் குரல் இன்று எமக்கு வேண்டியதில்லை. ஆனால் தொழிலாளியின் மொழியை அறியாதவன் தொழிலை அறிய முடியாது என்ற உண்மையை அவர்கள் உணர்ந்திருந்தனர் அன்றோ!

பின்னாளிலே தோட்ட நிர்வாகப் பயிற்சிக்கென 1979 ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் தேசியப் பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் தோன்றிற்று. 1925 இல் தொடங்கப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையமோ தலவாக்கலை சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கி வருகின்றது. ஆகவே கற்பிக்கும் மரபு மலையிலே இருக்கின்றது. வழங்கற் சங்கிலி மாணவரை அம்மரபுடன் இணைப்பதே எஞ்சியுள்ள வேலை.

மடுவத்தில் ஒரு நாள்

ஒரு மாணவி கந்தப்பளைக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பட்டம் பெற்றவள், கணினியிலே கோடுகளும் வட்டங்களும் வரைந்து சரக்கின் பாதையைக் காட்ட வல்லவள். முதல் நாள் அவள் கையிற் கொடுக்க வேண்டியது ஒரு சாக்கும் மட்டக்கம்புமே.

இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிப் போடும்போது, சாக்கிலே இன்னும் இடம் இருக்கிறதே என்று அவள் கொழுந்தை அமுக்கக்கூடும். அப்போது பக்கத்து நிரையில் நிற்கும் அக்கா சும்மா இருக்கமாட்டார்.

"அமுக்காதே தங்கச்சி! சூடு புடிச்சா கொழுந்து செவந்து போகும்."

இந்த ஒரு வாக்கியத்தில் ஓர் அத்தியாயம் அடங்கியிருக்கிறது. கிள்ளிய பின்னும் கொழுந்து சுவாசித்துக்கொண்டே இருக்கும். காற்றுப் புகாதபடி நெருக்கி வைத்தால் அதன் வெப்பம் உள்ளேயே தங்கி, இலை சிவந்து, தேயிலையின் தரம் கெட்டுவிடும். ஒரு லொறியிலே எத்தனை சாக்கு ஏற்றலாம் என்ற கணக்கு, இலை எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கணக்குக்குக் கீழ்ப்பட்டது என்பதை அவள் அங்கேயே கற்றுக்கொள்வாள்.

அடுத்து நிறுவை. சாக்கின் நிறைக்கு ஒரு கழிவு. மழை நாளாயின் ஈரத்துக்கு ஒரு கழிவு. கழிவு நியாயமானதா, மிகையானதா என்பது மலையகத்தில் தலைமுறை தலைமுறையாக எழும் பூசல். நாட் சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டபோதெல்லாம், அதனோடு கூடவே எழுந்த கேள்வி, எத்தனை கிலோகிராம் பறித்தால் முழுப் பேர் போடப்படும் என்பதே. குறித்த நிறை எட்டாவிடின் அரைப் பேர்தான் என்று சொல்லப்படும் தோட்டங்களில், கழிக்கப்படும் ஒவ்வொரு கிலோகிராமும் வீட்டு அடுப்பைத் தொடுகின்றது.

மாணவி இங்கே ஒரு பயனுள்ள காரியம் செய்யலாம். வெற்றுச் சாக்கை நிறுத்துப் பார்க்கலாம். மழையில் நனைந்த கொழுந்தையும் அதே மலையின் உலர்ந்த கொழுந்தையும் நிறுத்து ஒப்பிடலாம். இரண்டு வார காலம் இவ்வாறு குறித்து வந்தால், எவ்வளவு கழிப்பது நியாயம் என்பதற்கு இரு தரப்பினரும் ஏற்கத்தக்க ஓர் எண் கிடைக்கும். வாய்ச்சண்டையாக இருந்தது கணக்காக மாறும். செய்து கற்றல் என்பதன் மதிப்பு இதுவே: கற்பவரும் பயன் பெறுவர், கற்கும் இடமும் பயன் பெறும்.

இரவிலே விழித்திருக்கும் ஆலை

மாலைக் கொழுந்து ஆலையை அடைந்ததும் வாட்டும் தொட்டிகளிலே பரப்பப்படும். இலையின் நிறையிலே முக்காற் பங்குக்கு மேல் நீர். அதன் ஒரு பகுதியை நீக்குவதற்கே ஓர் இரவு கழியும். பின்னர் அரைத்தல், புளிக்க வைத்தல், உலர்த்தல், சலித்துத் தரம் பிரித்தல். முடிவிலே 100 கிலோகிராம் கொழுந்திலிருந்து 21 அல்லது 22 கிலோகிராம் தேயிலையே கைக்கு வரும்.

ஆலையில் எந்த வேலையையும் விரும்பியபடி முந்தவும் முடியாது, பிந்தவும் முடியாது. மழையினால் இலை வாடத் தாமதித்தால் அரைவை தாமதிக்கும். உலர்த்தும் அடுப்புக்கு விறகு தட்டுப்பட்டால் புளித்த இலை காத்திருக்காது. ஓரிடத்தில் நேரும் தடை எவ்வாறு முழுத் தொடரையும் முடக்குகிறது என்பதைப் புத்தகத்திலே பத்துப் பக்கம் படிப்பதை விட, தேயிலை ஆலை உத்தியோகத்தருடன் ஓர் இரவு விழித்திருந்து பார்த்தால் ஆயுளுக்கும் மறக்காது.

கந்தப்பளையிலே பழைய ஹெதர்செட் தேயிலை ஆலை இன்று ஒரு ஹோட்டலாக விளங்குகின்றது. அங்கே தங்கும் உல்லாசப் பிரயாணிகள் தாமே கொழுந்து பறித்து, அது தேயிலையாவதைக் கண்டு மகிழ்கின்றனர். பிரயாணி பொழுதுபோக்காகச் செய்து பார்ப்பதை மாணவர் பாடமாகச் செய்து பார்க்க வழி வகுப்பதற்கு என்ன தடை என்று கேட்கத் தோன்றுகிறது.

மறைந்த பாதை சொல்லும் பாடம்

கந்தப்பளையில் ஒரு காலத்தில் புகையிரதம் ஓடிற்று. 1903, 1904 ஆம் ஆண்டுகளிலே நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரைக்கும் இரண்டரை அடி அகலமுள்ள சிறு பாதை ஒன்று அமைக்கப்பட்டது. தேயிலைப் பெட்டிகள் அதில் ஏறி இறங்கின. ஆனால் நானுஓயாவிலே சந்திக்கும் பெரும் பாதையின் அகலமோ ஐந்தரை அடி! சிறு வண்டியிலிருந்து இறக்கிப் பெரு வண்டியில் ஏற்ற வேண்டும். நேரமும் கூலியும் இரட்டிப்பு. வீதிகள் சீரடைந்து லொறியும் பஸ்ஸும் வந்த பின்னர் சிறு பாதையாற் போட்டியிட முடியவில்லை. 1948 ஆம் ஆண்டுடன் அது முற்றாக மூடப்பட்டது.

சரக்கு கை மாறும் ஒவ்வோரிடத்திலும் செலவு ஒளிந்திருக்கிறது என்பது அந்தப் பாதை விட்டுச் சென்ற பாடம். ஒரே வழியை நம்பியிருத்தலின் ஆபத்தோ அண்மையில் நன்கு புலப்பட்டது. 2022 இன் எரிபொருட் பஞ்சத்திலே லொறிகள் வரிசையில் நின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மண்சரிவுகளால் மலையகத்து வீதிகளும் புகையிரதப் பாதையும் அறுபட்டன. மலைநாட்டின் பாதைகளைக் காலால் நடந்து அறிந்த ஒருவரே, அடுத்த முறை எந்த வழி அடைபட்டால் எந்த வழி திறக்கும் என்பதை முன்கூட்டித் திட்டமிட வல்லவர்.

ஏல மண்டபமும் கரட் மூடையும்

தேயிலையுடன் மாணவியும் கொழும்புக்குச் செல்லட்டும். அங்கே தரகரின் களஞ்சியத்தில் மாதிரி எடுக்கப்படும், சுவைப்போர் வாயிலிட்டுத் துப்பி மதிப்பிடுவர், பட்டியல் அச்சாகும். 1883 ஜூலை 30 ஆம் நாள் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், நூற்றாண்டுக்கு மேலாக மண்டபத்திலே கூவி நடந்தது. கொரோனாக் காலத்து ஊரடங்கினால் 2020 ஏப்ரலில் அது கணினித் திரைக்கு மாறிற்று. ஏலம் பார்க்க இன்று மண்டபத்திற்குச் செல்ல வேண்டியதில்லை. கந்தப்பளையில் இருந்தவாறே அதன் விலைகளைப் படிக்கலாம். தான் பறித்த மலையின் தேயிலை என்ன விலைக்குப் போயிற்று, குறைந்திருந்தால் குற்றம் கொழுந்திலா, வாட்டியதிலா, உலர்த்தியதிலா என்று தேடிச் செல்லும்போதே கல்வி முழுமையடைகின்றது.

தேயிலைக்கு ஏலம் உண்டு; பட்டியல் உண்டு; விலைக்குப் பதிவும் உண்டு. அதே ஊரில் விளையும் கரட்டுக்கோ அத்தகைய ஏலமும் பட்டியலும் இல்லை. மாலையிலே கழுவி மூடையாகக் கட்டி லொறியில் ஏற்றினால், இரவோடிரவாகத் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கோ பேலியகொடைச் சந்தைக்கோ செல்கின்றது. மூடைக்கு மேல் மூடை அடுக்குவதால் கீழேயுள்ளவை நசியும். இவ்வகைச் சேதத்தைக் குறைப்பதற்காக 2011 இன் இறுதியில் பிளாஸ்டிக் கூடைகளைக் கட்டாயமாக்க அரசாங்கம் முனைந்தது. விவசாயிகளும் வியாபாரிகளும் எதிர்த்தனர். ஏன்? மரக்கறி நசியாது என்பது உண்மைதான். ஆனால் கூடைக்கு யார் பணம் கொடுப்பது? வெறுங் கூடையை யார் திருப்பி ஏற்றி வருவது? அதே லொறியிற் குறைவாகவே ஏற்ற முடிவதால் உயரும் கூலியை யார் தாங்குவது? மேசையிலிருந்து பார்த்தவர்க்குக் கூடை தெரிந்தது. அது திரும்பி வர வேண்டிய பாதை தெரியவில்லை.

இத்தகைய தவறுகளை விளங்க வைப்பதற்கென்றே அமெரிக்காவின் எம்.ஐ.ரி. கலாசாலையிலே 1960 ஐ அண்டி ஒரு விளையாட்டை வகுத்தனர். நால்வர் வரிசையாக அமர்வர். ஒருவர் சில்லறைக் கடைக்காரர், ஒருவர் மொத்த வியாபாரி, ஒருவர் விநியோகஸ்தர், ஒருவர் உற்பத்தியாளர். கடையிலே விற்பனை சிறிது கூடினால், ஒவ்வொருவரும் எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூடுதலாகக் கேட்பர். வரிசையின் முடிவிலே உற்பத்தியாளர் தலையில் மலைபோல் வேலை குவியும். பின்னர் திடீரென வற்றும். சாட்டையின் பிடி சற்றே அசைந்தாலும் நுனி வெகு தூரம் வீசுவது போன்றது இது.

விளையாட்டிலே நஷ்டமடைவது காகிதக் காசு. வாழ்விலே சாட்டையின் நுனியில் நிற்பவர் தொழிலாளி. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு முடியுமுன்னரே தடை தளர்த்தப்பட்டது. ஆயினும் பயிர் கட்டளைக்கு உடனே இணங்குமோ? 2021 இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோகிராமாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, மற்ற ஆண்டில் ஏறத்தாழ 250 மில்லியனாக வீழ்ந்தது. கொழும்பிலே கையெழுத்தாகிய ஒரு தாள், மலையிலே கொழுந்து குறைந்த சாக்காக வந்து சேர்ந்தது.

இந்த வாய்ப்பு யாருக்கு?

மலையகத்து லயங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகும் பிள்ளைகளின் தொகை முன்னரிலும் கூடியிருக்கிறது. அவர்களிற் சிலர் முகாமைத்துவத் துறையிலும் சேர்கின்றனர். பயிற்சிக்காலம் வந்ததும் அவர்களும் கொழும்பிலே அறை தேட வேண்டியவர்களாகின்றனர். பிறந்த மலை அவர்கள் படிப்பிலே இடம்பெறுவதில்லை. தாயின் கொழுந்து நிறுக்கப்படுவதைச் சிறு வயதிலே வேலியோரம் நின்று பார்த்த ஒரு பெண், பிற்காலத்திலே அதே தராசின் அருகே குறிப்பேட்டுடன் நிற்பாளாயின், அவள் காணக்கூடிய நுட்பங்கள் வேறெவருக்கும் எளிதிற் புலப்படமாட்டா. கொழும்பிலிருந்து வரும் மாணவனுக்கும் அவளுடன் சேர்ந்து பணியாற்றுவதே ஒரு கல்வியாகும்.

இதற்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. ஆறு வாரங்கள் போதும். முதல் இரு வாரம் மலையிலும் மடுவத்திலும். மூன்றாம் வாரம் ஆலையில். நான்காவது வாரம் மரக்கறி லொறியுடன் சந்தையில். ஐந்தாவது வாரம் தரகரின் களஞ்சியத்திலும் ஏலக் கணக்கிலும். ஆறாவது வாரம் மீண்டும் கந்தப்பளைக்கே வர வேண்டும். தாம் கண்டதைத் தோட்ட நிர்வாகத்துக்கும் தொழிலாளர்க்கும் ஒன்றாக, தமிழிலும் சிங்களத்திலும், எளிய வார்த்தைகளில் எடுத்துரைக்க வேண்டும். அங்கே எழும் கேள்விகளுக்கு விடை சொல்வதே அவர்களுக்குரிய உண்மையான பரீட்சை.

பல்கலைக்கழகங்கள் கேட்க வேண்டும். தோட்டக் கம்பனிகள் கதவைத் திறக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் இதைச் சந்தேகக் கண்ணுடன் நோக்காது துணை நிற்க வேண்டும். குறிப்பேட்டுடன் வரும் இளைஞர், வேலையைக் கூட்டுவதற்கு வந்த உளவாளிகளல்லர் என்ற நம்பிக்கையை அவ்விளைஞர்களே தம் நடத்தையால் உண்டாக்க வேண்டும்.

நாளைக் காலையும் கந்தப்பளையிலே பனி விலகும். மடுவத்திலே தராசு தொங்கும். பெண்களின் கண்கள் அதன் மீது பதியும். அவர்களுக்குப் பக்கத்திலே நின்று அந்த எண்ணைப் பார்க்கும் இன்னொரு சோடிக் கண்கள் வேண்டும். பிற்காலத்தில் பெரிய கம்பனிகளிலே இருந்துகொண்டு ஒரு சாக்குக்கு இவ்வளவு, ஒரு லொறிக்கு இவ்வளவு என்று எழுதப் போகிறவர்கள், அந்தச் சாக்கை ஒரு நாளாவது சுமந்திருக்கட்டும்.